வெள்ளிக்காசில் நிற்கும் பிள்ளைகள்

2011-ல் வெளிவந்த வரிசையில் ஒரு ரூபாய்க் காசின் எடை 3.79 கிராம். அகஸ்டஸ் காலத்து ரோமானிய வெள்ளிக்காசான தெனாரியஸும் கிட்டத்தட்ட அந்த எடைதான். அகலம் மட்டும் சற்றுக் குறைவு. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842-ல் இப்படிப்பட்ட காசுகள் ஐந்நூறுக்கு மேல் ஒரே புதையலில் கிடைத்தன. உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் 1946-ல் கிடைத்தவை சுமார் 1,400. இரண்டு இடத்திலும் காசுகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டே பேரரசர்களுடையவை: அகஸ்டஸ், அவருக்கு அடுத்து வந்த திபேரியஸ்.

அகஸ்டஸ் காசுகளில் ஒரு வகை திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பக்கம் வாகைமாலை சூடிய தலை. மறுபக்கம் டோகா உடுத்திய இரண்டு இளைஞர்கள் நேராக நின்று, தரையில் ஊன்றிய கேடயத்தின்மேல் கைவைத்திருக்கிறார்கள். கேடயங்களுக்குப் பின்னால் ஈட்டிகள். மேலே பூசாரிகள் பயன்படுத்தும் வளைந்த கோலும் அகப்பையும். சுற்றிலும் லத்தீன் எழுத்து. அதன் பொருள் இதுதான்: அகஸ்டஸின் மக்கள் காயஸும் லூசியஸும், கான்சல் பதவிக்கு முன்கூட்டியே நியமிக்கப்பட்டவர்கள், இளைஞர்களின் தலைவர்கள்.

நொய்யல் கரையில் இதை வாங்கி முடிந்துகொண்டவருக்கு அந்த எழுத்து தெரிந்திருக்காது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. வெள்ளி சுத்தமாக இருந்தால் போதும். ஆனால் ரோமானியரின் நூறாண்டு அரசியல் அந்த முக்கால் அங்குலத்துக்குள் அடங்கியிருக்கிறது.

நான் இருப்பது ராஜபாளையம் பக்கம் தளவாய்புரத்தில். தளவாய் என்றால் படைத்தலைவர். மதுரை நாயக்கர் ஆட்சியில் அரசருக்கு அடுத்த அதிகாரம் அவர் கையில்தான். 18-ஆம் நூற்றாண்டு மைசூரில் இன்னும் ஒரு படி மேலே போய், அரசரைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்துவிட்டுத் தளவாய்கள் ஆண்டார்கள். ரோமாபுரியில் இம்பெராட்டர் என்ற சொல்லும் முதலில் தளவாயைத்தான் குறித்தது. போரில் ஜெயித்த தளபதியை வீரர்கள் களத்தில் கூவி அழைக்கும் பட்டம் அது. அதுதான் பின்னால் பேரரசர் என்று ஆனது. இந்த மாற்றத்தை அமைதியாக நடத்திக்காட்டியவர் அகஸ்டஸ். கி.மு. 27-ல் குடியரசை மீட்டுக் கொடுத்துவிட்டேன் என்று அறிவித்தார். செனட் சபை அப்படியே இருந்தது, கான்சல்கள் ஆண்டுதோறும் பதவியேற்றார்கள், ராஜா என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை. படையும் பணமும் மட்டும் ஒரே வீட்டுக்குள் போயின.

அந்த வீட்டுக்கு ஆண் வாரிசு இல்லை. மகள் ஜூலியாவின் பிள்ளைகள் காயஸையும் லூசியஸையும் கி.மு. 17-ல் அகஸ்டஸ் தத்தெடுத்தார். மீசை முளைக்கும் வயதில் கான்சல் நியமனம், பூசாரிப் பதவி, குதிரைப்படை வகுப்பாரின் சார்பில் இளைஞர் தலைவர் பட்டம். கான்சலும் பூசாரியும் குடியரசுப் பதவிகள்தான், பெயர்கூட மாறவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு வரிசையாக வந்து விழுந்தன, அவ்வளவே. நம் கட்சிகளில் இளைஞரணிப் பொறுப்பு யாருக்குப் போகும் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் காசைப் படிக்க அகராதி வேண்டாம். கி.பி. 2-ல் லூசியஸ் மார்செய்யில் இறந்தார். 4-ல் காயஸ் இன்றைய துருக்கிக் கரையில் இறந்தார். கடைசியில் வேண்டா வெறுப்பாக, மனைவி வழி மகன் திபேரியஸைத் தத்தெடுத்தார் அகஸ்டஸ். இறந்த இரண்டு பிள்ளைகளும் கொங்கு மண்ணில் அடுத்த 1,800 ஆண்டுகள் கேடயத்தைப் பிடித்தபடி நின்றார்கள்.

காசு இங்கே வந்த வழி எகிப்து. கி.மு. 31-ல், எகிப்து அரசி கிளியோபாத்ராவை அகஸ்டஸ் வென்ற ஆக்டியம் கடற்போர். அடுத்த ஆண்டு அலெக்சாந்திரியா விழுந்தது, கிளியோபாத்ரா இறந்தார். மற்ற பல மாகாணங்களைப்போல எகிப்தைச் செனட்டர் ஒருவரின் ஆளுகையில் விடவில்லை அகஸ்டஸ். அதற்கு அடுத்த வகுப்பான குதிரைப்படை வகுப்பிலிருந்து தம் ஆளை அனுப்பினார். செனட்டர் யாரும் அனுமதியில்லாமல் அந்த மண்ணில் கால்வைக்கக் கூடாது. கி.பி. 19-ல் திபேரியஸின் தத்துப்பிள்ளை ஜெர்மானிக்கஸ் பழைய சின்னங்களைப் பார்க்க அங்கே போய்விட்டார். அனுமதி கேட்கவில்லை என்று பேரரசர் கண்டித்தார். இத்தனை கெடுபிடிக்குக் காரணம் சொல்லிவிடலாம். ரோமாபுரியில் இலவசத் தானியம் வாங்குவோர் சுமார் 2 லட்சம் பேர். அந்த ரேஷனுக்குக் கோதுமையில் கணிசமான பங்கு நைல் கரையிலிருந்து போனது. எகிப்தைப் பிடித்தவன் தலைநகரின் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்தவன்.

இன்னொரு காரணம் செங்கடல். மயோஸ் ஹோர்மோஸ் துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல் இந்தியாவுக்குப் போவதாக, அந்த நாளில் எகிப்துக்குப் போயிருந்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதினார். அதற்கு முன் எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்கள் காலத்தில் போனவை சொற்பம். திரும்பி வரும் சரக்கில் கால் பங்கு சுங்கம். நூற்றுக்கு 25. செனட்டைக் கேட்காமல் பேரரசரின் பிடியில் இருந்த மாகாணத்தில் வசூலான பணம் இது. அகஸ்டஸ் நிலைநிறுத்திய தனியாட்சிக்குத் தென்னாட்டு மிளகு கொடுத்த முட்டு சிறியதல்ல என்பது என் கணிப்பு. ரோமானிய வரலாற்று நூல்களில் இந்த வணிகம் ஆடம்பரம் பற்றிய அத்தியாயத்தில் வருகிறது. கருவூலம் பற்றிய அத்தியாயத்தில் வர வேண்டியது.

கப்பல் ஒன்றின் கணக்கே நம் கையில் இருக்கிறது. வியன்னாவில் உள்ள ஒரு பாப்பிரஸ் தாள், 1985-ல் பதிப்பிக்கப்பட்டது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி. முன்பக்கம் கடன் பத்திரம்: முசிறி வணிகத்துக்காக வாங்கிய கடன், சரக்கு செங்கடல் துறையில் இறங்கியதும் நம்பகமான ஒட்டகக்காரரிடம் ஒப்படைத்து, பாலைவனம் தாண்டி, காவலோடு கோப்டஸ் கொண்டுவந்து, அங்கிருந்து நைல் வழியாக அலெக்சாந்திரியா சுங்கக் கிடங்கு வரை, எல்லா இடத்திலும் கடன் கொடுத்தவரின் முத்திரை. தவணை தவறினால் சரக்கு அவருக்கு. நகை அடமானச் சீட்டைப் படித்தவர்களுக்கு ஒவ்வொரு வரியும் பழகியதாக இருக்கும். பின்பக்கம் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு: கங்கைப் பக்கத்து நறுமண வேர் 60 பெட்டி, யானைத் தந்தம், இன்னும் சில. கூட்டுத்தொகை 1,154 தாலந்து 2,852 திராக்மா. ரோமானியக் கணக்கில் ஏறத்தாழ 70 லட்சம் செஸ்டர்ஸ்.

இந்தத் தொகையை ரோமானியச் சமுதாயத்தின் படிக்கட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். செனட்டர் ஆகக் குறைந்தபட்சச் சொத்து 10 லட்சம் செஸ்டர்ஸ். குதிரைப்படை வகுப்புக்கு 4 லட்சம். அகஸ்டஸ் காலத்துக் காலாள் வீரனின் ஆண்டுச் சம்பளம் 900. ஒரே கப்பல் ஏழு செனட்டர்களின் தகுதிச் சொத்து. இத்தனை பணம் புரளும் தொழிலில் செனட்டர்கள் இல்லையா? சட்டப்படி இல்லை. கி.மு. 218-லேயே கிளாடியஸ் சட்டம் வந்துவிட்டது: செனட்டர் பெயரில் 300 ஆம்போரா சாடிக்கு மேல் ஏற்றும் கப்பல் இருக்கக் கூடாது. நிலமும் மாடும்தான் கண்ணியமான சொத்து, வியாபாரம் இழிவு என்பது அவர்கள் பேச்சு. பழைய ஒழுக்கத்தின் காவலர் என்று பேரெடுத்த மூத்த கேட்டோ என்ன செய்தார் என்று புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். ஐம்பது பேரைக் கூட்டாளிகளாகச் சேர்த்து, ஐம்பது கப்பலுக்குக் கடன் கொடுத்து, தமக்கு ஒரு பங்கு மட்டும் வைத்துக்கொண்டார். அந்தப் பங்கும் அவர் பெயரில் இல்லை. குவின்டியோ என்ற, அவரால் விடுதலை பெற்ற அடிமையின் பெயரில். அதற்கு நம்மிடம் பினாமி என்ற கச்சிதமான சொல் இருக்கிறது.

ஆகவே இங்கே வந்து இறங்கியவர் யார் என்பதில் ஒரு திருத்தம் தேவை. ரோமர்கள் வந்தார்கள் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோம். வந்தவர்களில் பெரும்பாலோர் எகிப்திலிருந்து வந்த கிரேக்கம் பேசுவோர். சங்கப் பாடல்கள் யவனர் என்று சொன்னதுதான் துல்லியம். அவர்களுக்குப் பின்னால் பணம் போட்டவர் இத்தாலியில் இருந்திருக்கலாம். நடுவில் அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும்.

செங்கடல் சுங்கத்தை ஏலம் எடுத்திருந்தவர் ஆனியஸ் புளோகாமஸ். அவருடைய விடுதலை பெற்ற அடிமை ஒருவர் அரேபியக் கரையோரம் போனபோது காற்று இழுத்துக்கொண்டுபோய் இலங்கையில் சேர்த்தது என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. இலங்கை அரசன் அவரை ஆறு மாதம் வைத்து விசாரித்தான். அவரிடமிருந்த தெனாரியஸ்களில் முகங்கள் வேறு வேறாக இருந்தும் எடை ஒன்றாக இருப்பதைக் கண்டு, நாணயமான ஆட்கள்தான் என்று முடிவுகட்டி, கிளாடியஸ் பேரரசரிடம் நான்கு தூதர்களை அனுப்பினான். பிளினி கதை நன்றாகச் சொல்வார், எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை என்று நினைப்போருக்கு எகிப்தின் பாலைவனம் பதில் வைத்திருக்கிறது. கோப்டஸுக்கும் பெரேனிகே துறைக்கும் இடைப்பட்ட வாதி மெனீ பாறை நிழலில், ஆனியஸ் புளோகாமஸின் அடிமை லீசாஸ் என்பவர் தாம் வந்துபோனதைக் கிரேக்கத்திலும் லத்தீனிலும் கீறியிருக்கிறார். ஆண்டு கி.பி. 6. பிளினி சொல்லும் ஆளும் இவரும் ஒருவர்தானா என்பது வேறு கேள்வி. வெயிலுக்கு ஒதுங்கிய ஓர் அடிமை, எஜமானின் பெயரைத் தம் பெயருக்கு ஒட்டாமல் தம் பெயரையே எழுத முடியவில்லை என்பதுதான் எனக்கு உறைக்கிறது.

படிக்கட்டின் உச்சிக்குப் போவோம். கலிகுலாவின் மூன்றாவது மனைவியாகச் சில காலம் இருந்த லொல்லியா பௌலினா ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு வந்ததைப் பிளினி நேரில் பார்த்தார். தலை, கூந்தல், காது, கழுத்து, விரல் எங்கும் முத்தும் மரகதமும் மாற்றி மாற்றி. மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ். யாராவது சந்தேகப்பட்டால் காட்டுவதற்கு ரசீதும் கையில் தயார்! நகைக்கடைப் பில்லை விசேஷ வீட்டுக்கு எடுத்துப்போகும் அளவுக்கு நம் பக்கம் இன்னும் யாரும் போகவில்லை. அந்தச் சொத்து வந்த விதத்தையும் பிளினி சொல்கிறார். லொல்லியாவின் பாட்டனார் மார்கஸ் லொல்லியஸ் கிழக்கு நாட்டு மன்னர்களிடமெல்லாம் கைநீட்டிச் சேர்த்தது. கடைசியில் மாட்டிக்கொண்டு நஞ்சு குடித்தார். அவர் கிழக்கே போனது எந்த வேலையாக? இளவரசர் காயஸுக்கு ஆலோசகராக. வெள்ளலூர்க் காசில் கேடயத்தின்மேல் கைவைத்து நிற்கும் அதே காயஸ்.

அந்த முத்துகளில் எத்தனை நம் கடலில் எடுத்தவை என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பாரசீக வளைகுடா முத்தும் போனது. ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திய வணிகர் ஒருவர் எழுதிய பெரிப்ளுஸ் என்ற கடல்வழிக் கையேடு பாண்டியரின் கொற்கைத் துறையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அங்கே முத்துக் குளிப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. ரோமானிய அடிமைமுறையைப் படித்துப் பெருமூச்சு விடும்போது இந்த வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். லொல்லியாவின் காதுக்கும் கொற்கைக் கடலடிக்கும் நடுவில் இரு கரையிலும் கட்டுண்ட மனிதர்கள்தான்.

கி.பி. 22-ல் ஆடம்பரத்தைச் சட்டம்போட்டு ஒடுக்க வேண்டும் என்று செனட்டில் குரல் எழுந்தபோது திபேரியஸ் எழுதிய பதில் கடிதத்தை வரலாற்றாசிரியர் தாசிதஸ் தருகிறார். பெண்களின் கற்களுக்காக நம் பணம் அந்நிய நாடுகளுக்குப் போகிறது என்று அதில் அங்கலாய்ப்பு உண்டு. தடைச்சட்டம் மட்டும் கொண்டுவரவில்லை. பிற்பாடு பிளினி தொகையே போட்டார்: இந்தியாவுக்கு ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ், அரேபியாவும் சீனமும் சேர்த்தால் 10 கோடி. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு ரோமாபுரி மிளகால் திவாலானது என்று மேடையில் பேசுபவர்களைக் கேட்டிருக்கிறேன். பிளினி ஒழுக்கம் போதிக்க எழுதினார், தணிக்கை அறிக்கை எழுதவில்லை. ஏழெட்டுக் கப்பலிலேயே 5 கோடி நிரம்பிவிடும் என்கிறது ஹெர்மபொல்லோன். கால் பங்கு சுங்கம் வாங்கும் அரசு அந்தச் சரக்கு வருவதை நிறுத்துமா?

மிளகு சீமாட்டிகளோடு நின்றுவிடவும் இல்லை. பிளினி தரும் விலை ஒரு ராத்தலுக்கு, அதாவது 327 கிராமுக்கு, 4 தெனாரியஸ். காலாள் வீரனுக்கு ஆறு நாள் கூலிக்குச் சற்று மேல். விலை அதிகம்தான், ஆனாலும் பிரித்தானிய எல்லைக் கோட்டை விண்டொலாண்டாவில் கிடைத்த, மெல்லிய மரத்தகட்டில் எழுதிய கணக்கு ஒன்றில் ஒரு வீரன் பெயருக்கு நேரே மிளகு 2 தெனாரியஸ் என்று எழுதியிருக்கிறது. குளிரில் நடுங்கிய ஒரு சிப்பாய் வாங்கிய கால் படி காரம்! பேரரசர் டொமிஷியன் கி.பி. 92-ல் தலைநகரின் புனித வீதியிலேயே மிளகுக் கிடங்கு கட்டினார்.

எங்கள் பக்கம் இந்தக் கதையில் எங்கே வருகிறது? மிளகு என்றவுடன் முசிறி, சேரன் என்று முடித்துவிடுவது வழக்கம். பிளினி முசிறியைப் பரிந்துரைக்கவில்லை. பக்கத்தில் கடற்கொள்ளையர், துறையில் இறக்குவதும் தொல்லை. அதைவிடத் தெற்கே பக்காரேக்குப் போங்கள் என்கிறார். அங்கே கொட்டநாட்டு மிளகு ஒற்றை மரத்தைக் குடைந்த தோணிகளில் வந்து சேரும். அந்தத் துறையின் அரசன் பாண்டியன், இருப்பது உள்நாட்டில் வெகு தொலைவில், மொதுரா நகரில். பெரிப்ளுஸும் அந்தப் பக்கத்து நெல்கிந்தாவைப் பாண்டியன் துறை என்றே சொல்கிறது. மதுரையில் உட்கார்ந்து மலைக்கு அந்தப் பக்கத்துத் துறையை ஆள வேண்டுமானால் கணவாய் வேண்டும். திருவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு என்று மலையடிவாரத்தை ஒட்டிப் போகும் இன்றைய கொல்லம் சாலை அதற்குத் தோதான தடம். கம்பம் வழியும் இருந்திருக்கும். மைல்கல் எதுவும் நட்டுவைக்கவில்லை என்பதால் இதை ஊகமாகவே சொல்கிறேன். பாண்டியன் அகஸ்டஸிடம் தூதும் பரிசும் அனுப்பியதாக ஸ்ட்ராபோ எழுதியதையும் சேர்த்துப் பார்த்தால், இரு முனையிலும் அரசு ஆர்வம் காட்டிய வணிகம் என்பது தெளிவு.

ராஜபாளையத்துக்குக் கிழக்கே, வைப்பாற்றின் வடகரையில், வெம்பக்கோட்டை விஜயகரிசல்குளம் மேட்டில் 2022 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தது. சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் ஆயிரக்கணக்கில் வந்தன. சூதுபவளம், தந்தம், சுடுமண் பொம்மை, சிறு தங்கத் துண்டுகள். உடைந்த வளையல், அறுத்து மிச்சமான சங்கு என்று பார்க்கும்போது அரண்மனை நினைவுக்கு வரவில்லை, பட்டறைதான் வருகிறது. எங்கள் ஊரில் நைட்டி வெட்டும் அறைகளின் மூலையில் துணிக்கத்தரிப்பு குவிந்து கிடப்பதுபோல. பீஸ் கணக்கில் கூலி வாங்கித் தைக்கும் ஊர் என்பதால், கடலுக்கும் மலைக்கும் நடுவில் இருந்த அந்தச் சிறு ஊரில் யார் முன்பணம் கொடுத்தார், யார் எண்ணி வாங்கினார் என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழுகிறது.

துணியும் கப்பலேறியது. உறையூர் மெல்லிய துணியைப் பெரிப்ளுஸ் பெயர் சொல்லிக் குறிக்கிறது. பெரேனிகே மண்ணில் இந்தியப் பருத்திப் பாய்மரத் துணி கிடைத்திருக்கிறது. கோயில் தரையில் புதைத்த இந்தியப் பானையில் 7.5 கிலோ மிளகு இருந்தது. அந்த நாளில் மயோஸ் ஹோர்மோஸ் எனப்பட்ட குசைர் அல் காதிமில் கிடைத்த ஓடுகளில் கண்ணன், சாதன் என்று தமிழ் பிராமியில் பெயர்கள். லீசாஸ் கீறியது போலத்தான், ஆனால் இவர்கள் பெயருக்கு முன்னால் எஜமான் பெயர் இல்லை.

கி.பி. 64-ல் நீரோ காசில் கைவைத்தார். தெனாரியஸில் வெள்ளியைக் குறைத்தார், பொற்காசின் எடையையும் குறைத்தார். ரோமாபுரி எரிந்த ஆண்டு, கட்டுமானச் செலவு. தமிழகத்தில் கிடைக்கும் வெள்ளிக்காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸோடு நின்றுபோவதற்கு இதைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்: எடை ஒன்றாக இருக்கிறது என்று மெச்சிய அதே வாடிக்கையாளர் பழைய காசுதான் வேண்டும் என்று கேட்டார். பிறகு வந்தது பெரும்பாலும் பொன். புதுக்கோட்டை கறுக்காக்குறிச்சியில் 1898-ல் கிடைத்த 501 பொற்காசுகளில் பத்துக்கு ஒன்பதில் பேரரசர் முகத்தின்மேல் உளிவெட்டு. அந்நிய அரசன் முகத்தைச் சிதைத்தார்கள், புழக்கத்திலிருந்து நீக்கினார்கள், பூச்சா கெட்டியா என்று சோதித்தார்கள் என்று பல விளக்கம். தேய்ந்துபோன காசுகள் அவை. எடை குறைந்துவிட்டதால் இனி எண்ணிக்கைக்கு இல்லை, நிறுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதற்கான அடையாளமாகவே எனக்குப் படுகிறது. மூன்றாம் நூற்றாண்டில் படைத்தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராக அரியணை ஏறி இறங்கியபோது தெனாரியஸின் வழியில் வந்த வெள்ளிக்காசில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட வெள்ளி இல்லாமல் போயிற்று. தளவாய் நாட்டில் எல்லாரும் தளவாய்.

கி.பி. 408-ல் கோத்தியத் தலைவன் அலாரிக் ரோமாபுரியை முற்றுகையிட்டு விலை பேசினான். 5,000 ராத்தல் பொன், 30,000 ராத்தல் வெள்ளி, 4,000 பட்டாடை, 3,000 செந்தோல், 3,000 ராத்தல் மிளகு. மிளகு மட்டும் சுமார் 980 கிலோ, ராஜபாளையம் மார்க்கெட்டில் நிற்கும் சின்ன யானை வண்டிக்கு இரண்டு நடை. கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து நகரைச் சூறையாடினான். அந்த ஆண்டுகளில் ஆண்ட ஆர்க்காடியஸ், ஹொனோரியஸ் பெயரில் வந்த, கட்டைவிரல் நகத்தளவு செம்புக் காசுகள் மதுரையில் வைகை மணலில் கிடைக்கின்றன. இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றையும் கரூர்க் காசுகளையும் சேர்த்து 1994-ல் நூலாக்கினார். முகம் தெரியாத அளவுக்குத் தேய்ந்தவை பல. வெளிநாட்டு வணிகனின் பைக்குள் கிடந்து இவ்வளவு தேயாது. மதுரைக் கடைவீதியில் சில்லறையாகக் கைமாறிக் கைமாறித் தேய்ந்திருக்கின்றன.